பழைய ரொட்டிக்கு வந்த யோகம்

மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்த பிரெஞ்சு டோஸ்ட், வயிற்றில் சீஸும் ஹாமும் ஜாமும் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மேசையின் நாயகனாகிவிட்டது. செய்வது கடினமல்ல. நடுப்பகுதி வேகவேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. காலைப் பலகாரத்துக்கு நேரம் தாண்டிவிட்டது; மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஆகவில்லை. மும்பை, தில்லி, பெங்களூர் என்று எந்தப் பெருநகரத்து நட்சத்திர ஹோட்டலை எடுத்துக்கொண்டாலும் இந்த நேரத்தில்தான் கூட்டம் அலைமோதுகிறது. தலைக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, பிற்பகல் வரை உட்கார்ந்து சாப்பிடும் 'பிரஞ்ச்'. ஒரு மூலையில் அகன்ற இரும்புக் கல்லின் முன் வெள்ளைத் தொப்பி அணிந்த சமையல்காரர் நிற்கிறார். இரண்டு விரல் கனமுள்ள ரொட்டித் துண்டை முட்டைப்பாலில் புரட்டி, வெண்ணெய் பொங்கும் கல்லில் போடுகிறார். பொன்னிறமாகித் தட்டுக்கு வந்த துண்டில் கத்தி பட்டதும் உள்ளிருந்து சீஸ் வழிகிறது. அதன் பின்னால் ஹாமின் உப்பு, அத்திப்பழ ஜாமின் இனிப்பு. மேலே தேன். உப்பா, இனிப்பா, பலகாரமா, சாப்பாடா என்று எதிலும் சேராத இந்தப் பண்டம், இரண்டு வேளைக்கும் நடுவே வரும் ஒரு வேளைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பல தமிழ் வீடுகளுக்கு இது புதிய பண்டம் அல்ல. பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் அடித்து, பிரெட்டை நனைத்து நெய்யில் சுட்டால் அது பாம்பே டோஸ்ட். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கும், பள்ளி விட்டுப் பசியோடு வரும் பிள்ளைக்கும் அம்மாக்கள் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்த பண்டம். இலங்கையிலும் இதற்கு அதே பெயர்தான். பம்பாய் 1995ல் மும்பை ஆகிவிட்டது. டோஸ்டின் பெயரை மாற்றவேண்டும் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. வடக்கே போனால் இதே டோஸ்ட் பெரும்பாலும் சர்க்கரையைக் கைவிட்டு வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லியுடன் தக்காளி சாஸுக்குத் துணையாகிவிடுகிறது. கொல்கத்தாவின் அலுவலகத் தெருக்களில் அதன் பெயர் டிம் பாவுருட்டி. முட்டை ரொட்டி என்று அர்த்தம். ஆக, இனிப்பும் காரமும் இந்தியாவில் தனித்தனியே ஏற்கெனவே இருந்தவைதான். இரண்டையும் ஒரே துண்டுக்குள் அடைத்ததுதான் ஹோட்டல்காரர்களின் வேலை.

பெயரில் பிரெஞ்சு இருந்தாலும் இதற்குப் பிரான்ஸ் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. அப்பிசியஸ் பெயரில் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் தொகுப்பிலேயே மேல்தோல் நீக்கிய வெள்ளை ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் முறை இருக்கிறது. அதில் முட்டை கிடையாது. இங்கிலாந்தில் ராபர்ட் மே என்ற சமையல்காரர் 1660ல் வெளியிட்ட புத்தகத்தில் பிரெஞ்சு டோஸ்ட் என்ற பெயரே வந்துவிடுகிறது. அதிலும் முட்டை இல்லை. சுட்ட ரொட்டியை ஒயினில் ஊறவைத்துச் சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்க்கச் சொல்கிறார். 1724ல் அமெரிக்காவின் ஆல்பனியில் ஜோசப் பிரெஞ்ச் என்ற விடுதிக்காரர் இதைக் கண்டுபிடித்துத் தன் பெயரைச் சூட்டினார் என்றொரு கதை உலவுகிறது. 1660ல் அச்சான புத்தகம் இருக்கும்போது அந்தக் கதை எடுபடாது.

பிரான்சில் இதைப் பிரெஞ்சு டோஸ்ட் என்று சொல்வதே இல்லை. அங்கே 'பேன் பெர்டு'. இழந்துபோன ரொட்டி, அதாவது வீணாகிவிட்டது என்று கைவிடப்பட்ட ரொட்டி. ஜெர்மனியில் 'ஏழை வீரர்கள்'. ஸ்பெயினில் 'டொரிஹா', ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி விலக்கப்பட்ட நாட்களில் வயிற்றை நிரப்பிய பண்டம். எந்த ஊர்ப் பெயரைக் கிளறினாலும் அடியில் வறுமையோ சிக்கனமோ தட்டுப்படுகிறது. காய்ந்து கல்லான ரொட்டியைத் தூக்கி எறிய மனம் வராத யாரோ ஒருவர் பாலில் போட்டுப் பார்த்திருக்கிறார். பழைய சாதத்தில் மோர் ஊற்றியவர்களுக்கும் மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா கிளறியவர்களுக்கும் அந்த மனம் புரியும்.

அரசியலும் இந்த டோஸ்டை விட்டுவைக்கவில்லை. 2003ல் இராக் மீது படையெடுக்க அமெரிக்கா தயாரானபோது பிரான்ஸ் எதிர்த்தது. கோபம் கொண்ட அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, தன் உணவகங்களில் பிரெஞ்சு டோஸ்டுக்கு 'சுதந்திர டோஸ்ட்' என்று பெயர் மாற்றியது. உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதே கதிதான். 2006ல் சத்தமில்லாமல் பழைய பெயர்கள் திரும்பிவந்தன.

இரண்டு வேளைக்கு ஒரு சமையல்

பிரஞ்ச் என்ற சொல்லுக்கு வயது 130ஐத் தாண்டிவிட்டது. 1895ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் கை பெரிங்கர் என்பவர் இதற்காக ஒரு கட்டுரையே எழுதினார். தேவாலயம் போய்வந்ததும் கனமான இறைச்சிச் சாப்பாட்டில் விழும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் வேண்டாம். நண்பகல் வாக்கில் தேநீரும் பலகாரமுமாகத் தொடங்கி மெல்லக் கனமான உணவுக்குப் போகலாம் என்பது அவர் வாதம். சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் சீக்கிரம் எழவேண்டியதில்லை என்பதையும் ஒரு சாதகமாகவே அவர் குறிப்பிட்டார்.

இந்திய வீடுகளில் இந்த யோசனைக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை, சமையலறையில் இருப்பவருக்குத் தவிர. ஒன்பது மணிக்குப் பூரியோ தோசையோ முடித்துப் பாத்திரம் கழுவி நிமிர்வதற்குள் கோழிக்கு மசாலா அரைக்கும் நேரம் வந்துவிடும். இரண்டு வேளையை ஒன்றாக்கினால் அடுப்பை ஒருமுறை பற்றவைத்தால் போதும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டோஸ்டும் தோசையைப் போன்றதே. சூடாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தால், சுடுகிறவர் மற்றவர்கள் கை கழுவிய பிறகுதான் உட்காருவார். ஹோட்டலில் அதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார். வீட்டில்? அதற்கும் வழி இருக்கிறது. முதலில் உள்ளே என்ன வைப்பது என்று பார்க்கலாம்.

உப்பையும் இனிப்பையும் ரொட்டிக்குள் சேர்த்து வைத்ததில் இரண்டு ஊர்களுக்குத் தனிப் பெயர் உண்டு. ஒன்று அமெரிக்கா. ஹாம், வான்கோழி இறைச்சி, சுவிஸ் சீஸ் மூன்றையும் ரொட்டிக்கு நடுவே வைத்து, முட்டை மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரை தூவிப் பக்கத்தில் பெர்ரி ஜாமுடன் தருவது 'மான்டி கிறிஸ்டோ'. பிரெஞ்சுக்காரர்களின் சூடான ஹாம்-சீஸ் சாண்ட்விச்சான குரோக் மிஸ்யூவின் அமெரிக்க வாரிசு. கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் 1967ல் திறக்கப்பட்ட புளூ பாயூ உணவகம் இதைப் பிரபலமாக்கியது.

மற்றொன்று ஹாங்காங். அங்கே சாதாரண ஜனங்கள் சாப்பிடும் 'சா சான் டெங்' எனப்படும் தேநீர்க் கடைகளில், இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே நிலக்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் தோய்த்து எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். மேலே ஒரு சதுரம் வெண்ணெய், அதன்மேல் பாகு அல்லது டின்பால். சில கடைகளில் உள்ளே தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயா ஜாம். சிலவற்றில் சாத்தே மசாலா போட்ட மாட்டிறைச்சி. காலனி ஆட்சியாளர்களின் தின்பண்டத்தை உள்ளூர்க்காரர்கள் தங்கள் காசுக்கும் நாக்குக்கும் தக்கபடி மாற்றிக்கொண்டதற்கு இதைவிட ருசியான சாட்சி கிடைப்பது அரிது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். சீஸின் உப்பும் கொழுப்பும் நாக்கை மூடும்போது பழத்தின் புளிப்பும் இனிப்பும் அதைக் கழுவிவிடுகின்றன. எனவே ஜாம் தேர்ந்தெடுக்கும்போது சற்றுப் புளிப்புள்ளதாக எடுப்பது நல்லது. அன்னாசி, ஆரஞ்சு மார்மலேட், மாங்காய் இனிப்புத் தொக்கு இவையெல்லாம் பொருந்தும். வெறும் தித்திப்பான கலப்புப் பழ ஜாம் எடுபடாது.

ரொட்டி காயட்டும்

செய்முறையில் முதல் விதி ரொட்டி பழையதாக இருக்கவேண்டும் என்பது. இது ஏதோ பழமை மீதான பாசம் அல்ல. இந்தியக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் பிரெட் மிருதுவானது, மெல்லியது. புதிதாக இருக்கும்போது முட்டைப்பாலில் போட்டால் குழைந்து கையோடு வந்துவிடும். பழசாக ஆக ரொட்டியிலுள்ள மாவுப்பொருள் இறுகி, ஈரமும் குறைகிறது. அப்படி இறுகிய ரொட்டி உருக்குலையாமல் பாலை உறிஞ்சும். சனிக்கிழமை இரவே துண்டுகளை ஒரு தட்டில் பரப்பி வைத்தால் போதும். மறந்துபோனால் காலையில் எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில், குறைந்த தீயில், நிறம் மாறாமல் உலர்த்திக்கொள்ளலாம். பழையது என்றால் காய்ந்தது என்றுதான் பொருள். பூஞ்சை பிடித்த ரொட்டியை, பிடித்த இடத்தை மட்டும் கிள்ளிப்போட்டுவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. முழுவதும் குப்பைக்குத்தான்.

கிடைத்தால் பேக்கரியில் வெட்டாத முழு ரொட்டி வாங்குவது உத்தமம். அதை நான்கு சென்டிமீட்டர் கனத்தில் நான்கு துண்டுகளாக அறுக்கவேண்டும். ஒவ்வொரு துண்டின் பக்கவாட்டிலும் சிறு கத்தியைச் செருகி, மறுபக்கம் வெளியே வராமல் சட்டைப்பை போல ஒரு பையை உண்டாக்கவேண்டும். பாக்கெட் பிரெட்தான் இருக்கிறது என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சாண்ட்விச் ஆக்கிக்கொள்ளலாம். அப்போது பூரணத்தை ஓரம் வரை பரப்பாமல் ஒரு விரற்கடை விட்டு, ஓரங்களில் முட்டையைத் தடவி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

நான்கு பேருக்குப் பூரணம்: துருவிய சீஸ் 100 கிராம், ஹாம் நான்கு துண்டு, ஜாம் நான்கு தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு. ஜாமை ரொட்டியில் நேரடியாகத் தடவினால் ஊறி வெளியே வந்து கருகும். ஹாமின் ஒரு பக்கத்தில் ஜாமைத் தடவி, மேலே சீஸை வைத்துச் சுருட்டிப் பைக்குள் திணிப்பது பாதுகாப்பு. சைவமாக வேண்டுவோருக்கு ஹாமுக்குப் பதில் பன்னீர். மெல்லியதாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தைச் சிறு தீயில் இருபது நிமிடமாவது, தானாக இனிப்பு ஏறிப் பழுப்பாகும் வரை வதக்கி, உதிர்த்த பன்னீர், ஒரு பச்சைமிளகாய், கொஞ்சம் உலர்திராட்சை, உப்பு சேர்த்தால் அதுவே உப்பும் இனிப்பும் ஆகிவிடும். உண்மையில் ஹாமைவிட இது ஒரு படி மேல். தக்காளி மட்டும் கூடாது. அதன் நீர் உள்ளிருந்து ரொட்டியைக் கஞ்சியாக்கிவிடும். பூரணம் குளிர்பெட்டியிலிருந்து நேராகப் போகவும் கூடாது. வெளிப்புறம் கருகினாலும் நடு சில்லென்று இருக்கும்.

முட்டைப்பாலுக்கு நான்கு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி பட்டைப் பொடி. சர்க்கரை?

இங்கேதான் பாம்பே டோஸ்ட் பழக்கத்தில் கைதேர்ந்தவர்கள் தவறிவிடுகிறார்கள். மெல்லிய துண்டு இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் என்பதால் முட்டைப்பாலில் சர்க்கரை போட்டாலும் பாதகமில்லை. பூரணம் வைத்த கனமான துண்டு அப்படியல்ல. சர்க்கரை மேற்புறத்தைச் சீக்கிரம் கருக்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து எடுத்தால் நடுவில் பச்சை முட்டை ஒழுகும். முட்டை கலந்த பண்டத்தின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் சால்மொனெல்லா கிருமி பற்றிய கவலை தீரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் உட்காரும் மேசையில் இது சாதாரண விஷயமல்ல. எனவே இந்த டோஸ்டில் இனிப்பு உள்ளேயும் மேலேயும் மட்டும்தான். முட்டைப்பாலில் கிடையாது.

கனமான துண்டைப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஊறவிடவேண்டும். பாக்கெட் பிரெட் என்றால் இருபது விநாடி. கல்லில் வெண்ணெயோடு ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்துக்கொள்ளலாம். தீ சிறியதாக இருக்கட்டும். பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம், மூடி போட்டு. விரலால் நடுவில் அழுத்தினால் திரும்ப எழும்பவேண்டும். ஈரம் கசிந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். ஓவன் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் 180 டிகிரியில் பத்து நிமிடம் வைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. மேலே தேன் அல்லது வெல்லப்பாகு, இரண்டு துண்டு பழம். ஒருவருக்கு ஒன்று போதும். முட்டை, சீஸ், வெண்ணெய், பாகு எல்லாம் சேர்ந்த பண்டத்தை இரண்டாவது எடுப்பவர் மாலை வரை எழுந்திருக்கமாட்டார். சர்க்கரை நோயாளிகள் பாகை விட்டுவிட்டு, ரொட்டியும் மாவுச்சத்துதான் என்பதை நினைவில் வைத்துப் பாதித் துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முட்டையே கூடாத வீடுகள் இந்தியாவில் கணிசம். அவர்கள் நம்புவது கஸ்டர்ட் பவுடரை. இதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1837ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்து வணிகர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவை வைத்து உருவாக்கியதுதான் அந்தப் பொடி. அது இங்கே அதே காரணத்தை வேறு விதத்தில் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு தம்ளர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, ரொட்டியை நனைத்துச் சுடலாம். பெரும்பாலான கஸ்டர்ட் பவுடரில் வெனிலா வாசனை இருப்பதால் வெங்காயப் பூரணத்தோடு ஒத்துப்போகாது. அதற்குக் கடலைமாவைத் தோசைமாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்துப் பயன்படுத்துவதே மேல். அப்போது அது பஜ்ஜிக்குச் சித்தப்பா முறையாகிவிடும் என்பது வேறு விஷயம். சாப்பிடுகிறவர்கள் குறை சொல்வதில்லை.

சுடுகிறவர் எப்போது உட்காருவது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. வேலையைச் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளிவிடுவதுதான் வழி. வெண்ணெய் தடவிய ஆழமான தட்டில் பூரணம் வைத்த துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, முட்டைப்பாலை மேலே ஊற்றி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடவேண்டும். இரவு முழுவதும் ரொட்டி தானாகக் குடித்துக்கொள்ளும். காலையில் எடுத்து, ஓவன் சூடாகும் வரை வெளியே வைத்து, 180 டிகிரியில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் குளித்துவிட்டு வரலாம், பேப்பர் படிக்கலாம். ஓவன் இல்லாத வீட்டில் எல்லாத் துண்டுகளையும் இரண்டு பக்கமும் நிறம் வரும் வரை முன்கூட்டியே சுட்டுவைத்து, எல்லோரும் வந்து உட்காரும் நேரத்தில் அகன்ற சட்டியில் ஒன்றாக அடுக்கி, மூடி போட்டுச் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வைத்தால் ஒரே சமயத்தில் சூடாகிவிடும். சுட்டுவைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைக்காதிருந்தால் சரி. சட்டியை அப்படியே மேசைக்குக் கொண்டுபோய் வைத்து மூடியைத் திறக்கலாம், உட்கார்ந்தபடியே.